எடைக்கு ஓர் ஆள்

லிவாவில் ஹெலிகாப்டர் ஏற வருகிறவர்களை
நிறுத்துப் பார்ப்பது என் வேலை.
செருப்போடு, கேமராவோடு, கைப்பையோடு.
எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது.
மனைவிமார் எட்டிப் பார்த்தால்
பதிவேட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வேன்.

ஆள் குறைந்து ஒருபக்கம் கனமில்லாமல் போனால்
மணல்மூட்டை வைப்போம்.
இருபது கிலோ, நைலான் சாக்கு, குல்ஸமான் தைத்தது.
மணலுக்கா இங்கே பஞ்சம்.

அன்று ஒரு கஸக்ஸ்தான் தம்பதி மட்டும்.
கணவர் நூற்றுப் பதினெட்டு.
மூட்டைகளை எலி கடித்து
தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.
பைலட் ஃபாதி கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"நீ எவ்வளவு?"
மூன்று வருஷத்தில் என்னை யாரும் கேட்டதில்லை.
ஐம்பத்தாறு என்றேன்.
"போதும், ஏறு."

இப்படித்தான் நான் பறந்தேன்:
ஜெபஷைனி,
மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி.

பேரீச்சந் தோட்டங்கள் முதுகில் ஒட்டிய
பச்சைப் பிளாஸ்திரி போலத் தெரிந்து மறைந்தன.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதில்தான் எத்தனை நிறம்!
வறுத்த ரவை, சுட்ட செங்கல்,
அடிப்பிடித்த பால்.
மேடுகளுக்கு நடுவே உப்புத்தரை
யாரோ தின்றுவிட்டுக் கழுவாமல் வைத்த தட்டாக
வெளுத்துக் கிடந்தது.
இதன் ஓரத்தில் மூன்று வருஷம் இருந்தும்
அலுவலகக் கண்ணாடிக் கதவில் படியும் தூசியாகத்தான்
இதை எனக்குத் தெரியும்.
காலையில் ஈரத்துணி, மாலையில் மறுபடி.

கீழே எங்கள் நிழல் ஓடியது.
மேடேறும்போது குறுகி, சரிவில் நீண்டு,
எங்களைவிட அதற்குத்தான் சிரமம்.
அந்தப் பெண் ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்து
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.
மொழி தெரியாது.
நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு ஓர் ஒட்டகப் பட்டி.
தகரக் கொட்டகை, நீலத் தண்ணீர்த் தொட்டி.
ஃபாதி தாழ இறக்கி வட்டமிட்டார்.
பொட்டலம் அவிழ்ந்த வேர்க்கடலையாய்
ஒட்டகங்கள் நாலாபக்கமும் சிதறின.
கணவர் வீடியோ எடுத்துக்கொண்டே சிரித்தார்.
அவர் மனைவி மட்டும்
ஜன்னலிலிருந்து நெற்றியை எடுத்துவிட்டாள்.

கொட்டகையிலிருந்து ஒருவன் ஓடி வந்தான்.
தலைத்துண்டை உருவி
இரண்டு கையாலும் வீசினான், வீசினான்.
கணவர் பதிலுக்குக் கையசைத்தார்.
எனக்கு உறுத்தியது.
தண்ணீர் தீர்ந்துபோச்சோ,
கூட இருந்தவன் விழுந்து கிடக்கிறானோ.
ஹெட்செட்டில் சொன்னேன்.
"எல்லாரும் அசைப்பார்கள்" என்றார் ஃபாதி.
எடைக்கு ஏறியவள் அதற்குமேல் என்ன பேச.
முன்திரையில் ஓடிய எண்களை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

இறங்கியதும் கையைக் காட்டினேன் குல்ஸமானிடம்.
இரண்டு கேன் தண்ணீர், ரொட்டி,
என் தலைவலி மாத்திரை எல்லாம் ஏற்றிக்கொண்டு
பிக்கப்பில் போனவன்
மறுநாள் விடிந்துதான் வந்தான்.
புருவத்தில்கூட மணல்.

"ஆள் நல்லாத்தான் இருக்கான். சூடான்காரன், இத்ரீஸ்.
வாங்கன்னு வீசலை,
போங்கன்னு வீசியிருக்கான்.
சினை ஒட்டகம் ரெண்டு மிரண்டு ஓடிடுச்சு.
ஒண்ணை ராத்திரியே பிடிச்சோம்.
இன்னொண்ணைத் தேடி இன்னும் நடக்குறான்."
கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்:
"தண்ணியை வாங்கிக்கிட்டான். மாத்திரை வேணாமாம்."

கணவரின் வீடியோ மேலதிகாரி வரை போய்
அடுத்த வாரம் வாசலில் புதுப் பலகை:
ஓடும் ஒட்டகங்கள், வானத்திலிருந்து.
ஐம்பது திர்ஹாம் கூடுதல்.

மூட்டைகள் மறுபடி தைத்தாகிவிட்டது.
என்னை யாரும் ஏறச் சொல்வதில்லை.
ஆனால் என்ன மாயமோ,
அந்த ஐம்பது திர்ஹாம் டிக்கெட்டோடு
தராசில் ஏறுகிறவர்கள் எல்லாருமே
பத்துப் பன்னிரண்டு கிலோ கூடித்தான் போகிறார்கள்.
கனம் அதிகம், சுற்றுவழி ஆகாது,
நேர்வழிதான் என்று ஃபாதிக்கு எழுதி அனுப்புகிறேன்.

யாராவது எட்டிப் பார்த்தால்
பதிவேட்டைக் கொஞ்சம்
சாய்த்துக்கொள்கிறேன்.