உலர்ந்த ஓரம்

இரவுப் பணி முடித்து நேராக வந்தேன்,
ஆம்புலன்ஸ் வாடை சட்டையிலேயே இருந்தது.
கௌயா ஆற்றின் மேல்கரை. பூர்ச்ச மரக்காடு.
ஆறு பேர், இரண்டு நாள்,
ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு கட்டை.
முதலுதவி எனக்குத் தெரியும்,
பதினோரு வருஷமாய்ச் சோறு போடுவதே அதுதான்.
நெருப்புக்காகத்தான் பணம் கட்டினேன்.

சொல்லித்தரும் ஸ்கைட்ராவுக்கு இருபத்து மூன்று வயது.
மற்ற நாட்களில் டயர்க் கடையில் கணக்கெழுதுகிறாள்.
ஒரு இலையைக் கிள்ளி நீட்டினாள்:
மெல்லுங்கள்.
எங்கள் மொழியில் வழியோர இலை என்று பெயர்,
பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மிதித்த இலை.
கசந்தது.
துப்பிக் கொசுக்கடியில் அப்பினோம்,
ஆறு முழங்கைகளில் பச்சை எச்சில்.
அரிப்பு நின்றதா என்று கேட்டால்
நின்ற மாதிரி இருந்தது என்பேன்.

பிறகு தீக்கடைகோல்.
வில்லை இழுத்தால் கோல் சுழலும்,
குழி கருகும்,
புகை வரும்.
புகை மட்டும் வரும்.
"உராய்வுதானே, வேறென்ன," என்றார் ஒயார்ஸ்,
வரித்துறையில் முப்பது வருஷம்
பிறர் கணக்கில் பிழை பிடித்தவர்.
அவருக்குப் புகைகூட வரவில்லை.
குழிக்கு வாசல் வெட்டவில்லையே என்று யாரோ சொல்ல
வெட்டினார்,
கட்டை விரலையும் சேர்த்து.

அழுத்து, உயர்த்து, என்றது என் வாய்.
என் பெட்டி காரில்.
கார் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்.
ஸ்கைட்ரா தகர டப்பாவைத் திறந்தாள்.
பழுப்பாய், மான்தோல் போல மெத்தென்று ஒரு துண்டு:
மரத்தில் குதிரைக் குளம்பாய் ஒட்டியிருக்கும் காளானைச்
சீவி, சாம்பல் நீரில் வேகவைத்து,
சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்தது.
தணலை ஏந்த வைத்திருந்தாள்.
இருந்தது அது ஒன்றுதான்.
எல்லோரும் அதைப் பார்த்தோம்,
பிறகுதான் விரலைப் பார்த்தோம்.
இதை ஒயார்ஸிடம் எவரும் சொல்லப்போவதில்லை.

துண்டு குடித்தது. ரத்தம் நின்றது.
மேலே என் கழுத்துத் துணியால் ஒரு கட்டு.

அன்றிரவு நெருப்பில்லை.
ரை ரொட்டி, புகையூட்டிய மீன்,
எவரோ எங்கோ மூட்டிய தீயில் என்றோ வெந்தது.
ஜூன் மாத வானம் முழுதாய் இருட்டவில்லை.
ஒயார்ஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிடந்தார்,
எங்களிடமா மரங்களிடமா தெரியவில்லை.

காலையில் துணியை அவிழ்த்தேன்.
காயம் வாய் மூடியிருந்தது.
என் வேலையில் இந்தத் துண்டு
மஞ்சள் உறைக்குள் போகும், முத்திரையோடு எரியுலைக்குப் போகும்.
எறிய ஓங்கிய கையை ஒயார்ஸ் பிடித்தார்.
"ஓரம் காய்ந்திருக்கிறது, பாருங்கள்."

வில்லை நான் இழுத்தேன்.
கோலின் தலையை அவர் இடக்கையால் அழுத்தினார்.
கரித்தூள் சேர்ந்தது.
நாங்கள் நிறுத்திய பிறகும்
அது தானாகப் புகைந்தது.
உலர்ந்த ஓரத்தில் சாய்த்தோம்.
எரியவில்லை, ஊர்ந்தது,
பழுப்பைத் தின்று சிவப்பாய் ஊர்ந்து
கறையின் கரைவரை வந்து நின்றது.
அதற்குள் ஸ்கைட்ரா பட்டையும் புல்லும் சேர்த்துக்
கூடு கட்டியிருந்தாள்.

ஊதினேன்.
மூச்சு நின்றவர்களுக்கு ஊதிய வாய்,
பாதிப்பேருக்குப் பலிக்காத மூச்சு.
"மெதுவாக," என்றாள் ஸ்கைட்ரா,
"அதற்கு ஒன்றும் அவசரமில்லை."

தீ பிடித்தது.
யாரோ கெண்டியில் தண்ணீர் வைத்தார்கள்.
கறை படிந்த பாதியை
ஒயார்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்.
ரசீது எழுதித் தரவா என்றேன்.