ஓர் அசை குறைவு

பதினொன்று வரவேண்டும்.
பத்தில் முடிந்துவிடுகிறது வரி,
இன்னொரு படி இருக்கிறதென்று நம்பி
இருட்டில் கால் வைத்தாற்போல.

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.
ரயில் கால அட்டவணைகளுக்குப் பிழை திருத்துகிறவள் நான்,
கவிதை என் பிழைப்பில்லை.
ப்வோட்ஸ்க் நூலகம் கழித்துக்கட்டிய குவியலில்
கிலோ நான்கு ஸ்லாட்டிக்கு வந்த புத்தகம்;
வீடு சேரும்வரை மழைக்குத் தலையில் பிடித்தது.

லியோகாதியா ப்ஷோஸா.
தந்தி அலுவலகத்தில் பத்தொன்பது வருடம்.
ஊரார் துக்கத்தையெல்லாம்
சொல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கியவள்.
அவளுக்கா எண்ணத் தெரியாது?

முன்னுரை அவள் தங்கை கணவர் செவெரின் எழுதியது:
போருக்குப் போய்த் திரும்பாத ஒரு படை அதிகாரிக்காகக்
கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லையாம்.
அதிகாரிக்குப் பெயரில்லை, படைப்பிரிவில்லை.
புத்தகம் முழுக்கத் தேடினேன், ஒரு மீசைகூட இல்லை.
சட்டைக்கையில் அயோடின் கறை இருந்தது.
கொண்டை ஊசியைக் கடித்திருக்கும் பல் இருந்தது.
விஸ்துலாவில் பனிப்பாளம் வெடிக்கும் ஓசை இருந்தது.

எங்கள் மொழியில்
முடிந்துபோன காலத்துக்கும் ஆண் பெண் உண்டு.
அவன் நின்றால் ஒரே அசை.
அவள் நின்றால் பின்னால் ஓர் ‘அ’
பாவாடை ஓரம்போல் இழுபட்டு வரும்.

ஒரு ஞாயிறு, பென்சிலை எடுத்து,
தொழில் பழக்கத்தில்,
நின்றானை நின்றாள் ஆக்கினேன்.
வரி நொண்டாமல் நடந்தது.
சிரித்தானை, உறங்கினானை,
காத்திருந்தானை.
அடுப்பில் சூப் அடிப்பிடித்தது.
நாற்பத்தேழு இடங்கள்.
விடிவதற்குள் நாற்பத்தேழு முறை
ஒருத்தி எழுந்து வந்து ஆற்றுத்துறையில் நின்றுவிட்டாள்.

கையெழுத்துப் படி கிடைக்கவேயில்லை.
ஆதாரம் என்ன என்று கேட்டார்கள் வார்ஸாவில்.
விரல் மடக்கி எண்ணிக் காட்டினேன்.
ஒரு பேராசிரியர் மட்டும் கூடவே எண்ணினார்,
பதினொன்றில் கண்ணாடியைக் கழற்றினார்.

செவெரினைத் திட்டித் தீர்த்தபின் ஒரு சந்தேகம்.
அடுப்பில் போட்டிருக்கலாம், போடவில்லை.
வெட்டிய இடத்தில் வேறொரு சொல்லைத் திணித்து
தழும்பை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.
சோம்பலோ, இரக்கமோ,
வெறும் செவிட்டுக் காதோ.

ஒரு வரி மட்டும் இன்னும் அடங்கவில்லை.
‘அ’ சேர்த்த பிறகும் நான்கு அசை குறைகிறது:
*பனி உடைந்த இரவில் துறையில் நின்றாள்.*
முன்னால் ஒரு பெயர் இருந்திருக்கிறது.
பழைய விலாசப் புத்தகத்தில்
மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்கள் மூவர்.
தெயோஃபிலா. ஹோனோராத்தா. பெத்ரோனேலா.
எழவு, மூன்றும் பொருந்துகின்றன.

அவள் கல்லறையில் இருப்பதும் அதே வரிதான்,
நின்றான் என்று.
கல்வெட்டுபவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்:
பழசைத் தேய்த்துவிடலாம்,
புதிதாக வெட்ட எழுத்துக்கு நாற்பது ஸ்லாட்டி.
தொடக்கத்தில் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
இடத்துக்கு எவ்வளவு என்று நான்தான் கேட்டேன்.
எழுதாததற்கு யாராவது காசு வாங்குவார்களா என்றார்.

தந்தியிலும் அப்படித்தான்.

குனிந்து தூசியை ஊதினார்.
நான்கு விரற்கடை தள்ளி
உளியை வைத்தார்.