வித்தியாசத்தைக் கட்டினால் போதும்

பதினாறு பெட்டி ஆப்பிள் யூஸ்.
எட்டு மூடிக்கு ஒரு ரிக்கற், பாதி விலையில்.
ஆறு கிழமையாகப் பீட்சா அடுப்படியில்
நின்ற நிலையில் குடித்தேன்.
கடைசி மூடியின் இலக்கத்தை
மா ஒட்டிய விரலால் ஃபோனில் அடித்தபோது
கண்ணாடிக் கதவில் தெரிந்த என் முகமும்
கொஞ்சம் புளித்திருந்தது.

ஹாகனில் ஏறி, கொலோனில் மாறி,
புரூல் ஸ்டேஷனில் பஸ் பிடித்து வந்தோம்.
மிதுசா ஏழு தடவை சுற்றினாள்.
நான் ஒரு தடவை.
மிச்ச நேரம் அவளுடைய ஜாக்கெட்டை
மடியில் வைத்துக்கொண்டு
மேலே போய்க் கத்துகிற சத்தங்களில்
அவளுடையது எது என்று பிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலேகாலுக்கு அந்தப் பலகையைக் கண்டேன்:
இன்றைய ரிக்கற்றை இன்றே
வருட அட்டையாக மாற்றலாம்.
வித்தியாசத்தைக் கட்டினால் போதும்.

வித்தியாசம்.
கவுண்டரில் ஹோல்ட்காம்ப் என்று பெயர் குத்திய பெண்
பேனையால் தட்டித் தட்டிச் சொன்னாள்.
அட்டை நூற்று அறுபத்தைந்து ஒய்ரோ.
பாதி விலைக்கு வந்தவருக்குப்
பாதி விலைதான் கழியும்.
நூற்று முப்பத்தாறு. ஒருவருக்கு.
பூங்காவை விட்டு வெளியேறினால்
இந்த ரிக்கற் வெறும் கடுதாசி.

அட்டையின் பின்பக்கத்தில்
செல்லாத நாட்களின் பட்டியல்:
ஈஸ்டர், இலையுதிர்கால லீவு,
குளிருக்குப் பூட்டுகிற மூன்று மாதம்.
இப்படி ஒரு தாள் வீட்டிலும் இருக்கிறது.
ஒன்றுவிட்ட சனி, காலை ஒன்பது முதல் மாலை ஏழு,
பண்டிகை நாட்கள் தாயிடம்.
முத்திரை மட்டும்தான் வேறு.

இரண்டு தாளையும் மனதுக்குள்
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன்.
வெளிச்சம் வந்த ஓட்டைகள் பதினொன்று.
பதினொரு சனி.
ஐந்தாவதிலிருந்து இலாபம் என்றது கணக்கு.
கணக்குக்கு என்ன தெரியும்,
வங்கி அட்டையில் நூற்று நாற்பத்தொன்றுதான் கிடந்தது.

ஒன்று எடுக்கலாம். யாருக்கு?

எனக்கு எடுத்தால்
பிள்ளையில்லாமல் ஒரு தனி ஆம்பிளை
ராட்டினத்துக்குக் கீழே என்ன செய்வான்?
அவளுக்கு எடுத்தால்,
"பன்னிரண்டு வயதுவரை
பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும்,"
என்றாள் ஹோல்ட்காம்ப்.

கார்த்திகையில் மிதுசாவுக்குப் பன்னிரண்டு.
வசந்தத்தில் இந்தக் கதவு திறக்கும்போது
அவள் யாரோடும் வரலாம்.
வகுப்புப் பெட்டைகளோடு வரலாம்,
தாயோடு வரலாம்,
தாயின் புதுச் சிநேகிதரின் காரில் வரலாம்.
என்னுடையதல்லாத சனிகளிலும் வரலாம்.
நான் கட்டப்போகிற காசில்
நான் வேண்டாம் என்கிற ஒரு வருடம்.

பின்னால் வரிசை இருமியது.
நாலு இலக்கத்தை அடித்தேன்.

படம் எடுத்தார்கள்.
தண்ணீர்ச் சறுக்கலில் நனைந்த தலைமயிர்,
பல்லுக்கம்பி தெரியக்கூடாதென்று
இறுக்கி மூடிய வாய்.
அட்டை சுடச்சுட வெளியே வந்தது,
பாண் மாதிரி.

ரெயின் இருபது நிமிடம் சுணக்கம்.
ஏழுக்குள் வாசலில் விடவேணும்,
நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.
அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"உங்களுக்கு?"
"எனக்கு என்ன, சும்மா ரிக்கற் எடுக்கலாம்."
"பாதி விலையிலையோ?"
"ஓம்."

ஜன்னலில் விரலால் ஏதோ எழுதினாள்.
பதினொன்று தர எட்டு.
மூச்சுப்பட்டு எழுதி, கையால் அழித்து,
திரும்பவும் எழுதினாள்.

"எண்பத்தெட்டு லீட்டர், அப்பா.
இண்டைக்கே தொடங்குங்கோ."

எனக்கு ஆப்பிள் யூஸ் பிடிக்காதென்று
அவளுக்குத் தெரியும்.