வெயில் அடித்தால் சொல்லுங்கள்

எட்வின் சாப்பிடப் போயிருக்கிறான்.
ரிசப்ஷனில் ஆள் இல்லை என்று
அழுக்கு மூட்டையோடு நின்ற என்னிடம் கேட்டீர்கள்,
இங்கே என்னென்ன பார்க்கலாம் என்று.

நான் விரிப்பு துவைப்பவள்.
நாயுடுபுரம் ஏற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
நாலு லாட்ஜுக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கும்.
வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது,
கறை தெரியும்.
மருதாணி, சாக்லேட், மலைப்பாதை வளைவுகளில்
அடக்கி வைத்து அறைக்கு வந்து எடுத்த வாந்தி.
பால்கோவா ஒருமுறை. அது ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

சரி, கேட்டதைச் சொல்கிறேன்.
தூண் பாறைக்குப் பத்து மணிக்கு மேல் போனால்
பனி இருக்கும்.
பனிக்குப் பின்னால் பாறை இருக்கிறது என்று
பஞ்சு மிட்டாய்க்காரர் சத்தியம் செய்வார்.
நம்பி நில்லுங்கள்.
ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் திறக்கும்,
அந்த நேரத்தில் போனைத் தேடாதீர்கள்.

ஏரியைச் சுற்ற சைக்கிள் எடுத்தால்
முதலில் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், பிறகு வாடகை பேசுங்கள்.
குதிரை என்றால் சந்தியாகுவின் புல்லட்.
நிழல் கண்ட இடத்தில் அதுவே நின்றுவிடும்,
அடிக்கச் சொல்லாதீர்கள்,
அதற்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.
மக்காச்சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு
குரங்கோடு செல்ஃபி எடுப்பது உங்கள் இஷ்டம்.
ஞாயிறு சந்தையில் பூம்பாறைப் பூண்டு வாங்குங்கள்,
ஊருக்குப் போகும்வரை பை முழுக்க மணக்கும்,
பக்கத்து சீட்காரர் திட்டுவார்.

பனி பார்க்கத்தானே வருகிறீர்கள் எல்லோரும்.
"செம கிளைமேட்" என்று நீங்கள் கைதட்டும்போது
நான் கொடியிலிருந்து அரை ஈரத்தை உருவிக்கொண்டு ஓடுவேன்.
போன ஆடியில் மூன்று நாள் மூடிக் கிடந்தது.
நாற்பத்தி இரண்டு விரிப்பு, ஒன்றும் காயவில்லை.
அன்றைக்கு ஒரு பெண், மதுரைப் பக்கம் போல,
கொடிக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்தாள்.
வெள்ளைக்குள் வெள்ளை, என்ன அழகு அக்கா, என்றாள்.
அழகுதான்.
பூஞ்சை வாடை போட்டோவில் வராது.
அந்த வாரம் முதலாளி அறுநூறு ரூபாய் பிடித்தார்.
படத்தை அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிப் போனாள்,
அனுப்பவில்லை.
நானும் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொரு இடம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.
குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பின்பக்கம்.
மேகம் விலகின காலையில் அங்கே நின்றால்
கீழே, வெகு கீழே, பழனி மலை தெரியுமாம்,
உள்ளங்கையில் வைத்த சுண்டைக்காய் மாதிரி.
தெரியுமாம் என்றுதான் சொல்ல முடிகிறது.
எட்வின் பார்த்திருக்கிறான்.
சந்தியாகு பார்த்திருக்கிறார், குதிரைகூடப் பார்த்திருக்கும்.
பத்தொன்பது வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன்.
மேகம் விலகினால் எனக்கு வேலை,
மேகம் கூடினால் அங்கே ஒன்றும் இல்லை.
இரண்டு தடவை மழை நாளில் போனேன்.
சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் வந்து
அந்த வெள்ளையைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றேன்.
பெரிய விரிப்பு ஒன்றை
யாரோ பிழியாமல் போட்ட மாதிரி இருந்தது.

நாளைக்கு வெயில் என்று போனில் காட்டுகிறது என்கிறீர்கள்.
அது மதுரை வெயிலாக இருக்கும், இருந்தாலும்
ஆறரைக்கே கிளம்புங்கள்.
தெரிந்தால் திரும்பி வரும்போது சொல்லுங்கள்,
கோபுரம் எந்தக் கைப்பக்கம், படிக்கட்டு கண்ணில் படுகிறதா,
அவ்வளவுதான்.
தொட்டிக்குப் பின்னால்தான் இருப்பேன்,
வெள்ளை தெரிகிற பக்கம் வந்தால் போதும்.

அப்புறம் ஒன்று.
அறையில் இருக்கிற துண்டால்
ஷூ துடைக்காதீர்கள்.