பதினைந்து நாள்

கச்சான் பிறந்தால் காயங்கேணிக் கடல்
கழுவிக் கவிழ்த்த கிளாஸ்.
மூன்று பாகத் தண்ணியில் ஒரு மூளைக்கல்,
அதன் ஓரத்தில் அந்தக் கடை.

சுண்டுவிரல் நீளம். நீலத்தின் மேல் ஒரு கறுப்புக் கோடு,
அடிமட்டம் வைத்து இழுத்தது போல.
நாங்கள் டொக்டர் என்போம்.
ஏற்றுமதிப் பட்டியலில் வேறு பேராம்,
ஓட்டமாவடி நளீருக்குத்தான் அது வாயில் வரும்.

கலவாய் வந்து வாயைப் பிளந்து நிற்கும்.
உள்ளே போய்ப் பேன் பார்த்துச்
செவுள் வழியே வெளியே வரும் இது.
மூடினால் முடிந்தது.
மூடுவதில்லை.
அஞ்சாளைகூட முறைக்குக் காத்திருக்கும்,
வாகரை ஆசுபத்திரியில் நாங்கள் இருக்காத மாதிரி.

ஆனால் இதுக்குப் பேனைவிடத் தோல் வழுவழுப்பில்தான் ருசி.
களவாய் ஒரு கடி.
கலவாய்க்கு உடம்பு ஒருதரம் வெட்டும்.
உடனே ஆண் வந்து பெண்ணைத் துரத்தும்,
வாடிக்கையைக் கெடுத்தாய் என்று.

அந்த ஆணைத்தான் நான் பிடித்தேன், ஒரு வைகாசியில்.
சரணாலயம் என்று பலகை நட்டது பிறகு.
ராவில் தன் சளியால் தானே ஒரு பை ஊதி
அதுக்குள் படுக்குமாம்,
சங்குக்குப் போகிற துரைரத்தினம் கண்டிருக்கிறான்.
விடிந்தால் கிழிகிற பை.
நான் போட்டது பொலித்தீன்,
கால் தண்ணி, முக்கால் ஒட்சிசன், இரட்டை இறப்பர் வளையம்.
நூற்றிருபது ரூபாய்.
அடுத்த நாள் கொழும்பு. மறுகா எந்த நாடோ.

ஐந்து பெண்கள் மிச்சம்.
துடக்கில்லை, எட்டுச் செலவில்லை.
என் சிலிண்டர் தீரமுன்னமே
பெரியவள் அவன் போன வழியில் போனாள்,
மற்ற நாலையும் முட்டி முட்டி
எண்ணிப் பார்த்தாள்.

பதினைந்தாம் நாள் இறங்கினேன்.
அவள் இல்லை.
அதே உடம்பில் அவன்.
என் முகக்கண்ணாடிக்கு முன்னால் வந்து
நெடுநேரம் நின்று பார்த்தான்,
என்னை அல்ல, தன்னை.

அன்று இரவு குதிக்காலில் கடல்முள்ளி ஏறியிருந்தது.
நேசம்மா ஊக்கை நெருப்பில் காட்டிக் கிண்டினாள்.
வலி மறக்க மீன்கதை சொன்னேன்.
விளக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு
"ஒரு நாளைக்கு நீ ஏறி வராட்டி
எனக்குப் பதினஞ்சு நாளெல்லாம் வேணாங்கா" என்றாள்,
ஊக்கு கொஞ்சம் ஆழம் போக.

உடம்பு ஒருதரம் வெட்டியது.
காலை இழுக்கவில்லை.