மேற்கே போன ஒரே மரம்

போகையில் ஆள், வருகையில் மரம்.
ஒரே கப்பல், ஒரே அடிவயிறு, ஒரே இருட்டு.
கிரீனாக்கில் பலகை அடித்து
இரண்டடுக்குப் படுக்கை செய்வேன்,
ஆளுக்குப் பதினெட்டு அங்குலம்.
கேப் பிரெட்டனில் அவர்களை இறக்கியதும்
அத்தனையும் பிடுங்கிப் போட்டுவிட்டு
பைனுக்கும் லார்ச்சுக்கும் இடம் விடுவேன்.
மரம் புரண்டு படுக்காது. வாந்தி எடுக்காது.
முதலாளிக்கு மரம்தான் பிடிக்கும்.

அந்த வருஷம் யூயிஸ்ட் தீவில்
நூற்று நாற்பது பேரை ஏற்றினோம்.
ஆடுகளுக்கு நிலம் வேண்டியிருந்தது.
காரியஸ்தரின் ஆட்கள்
அடுப்பை அணைக்கத் தண்ணீர் தேடாமல்
கறந்துவைத்த பாலையே ஊற்றினார்களாம்.
சொன்னவளின் சால்வையில், முடியில்
இன்னும் அந்தத் தீய்ந்த பால் வாடை.
பெயர் மர்சாலி.
பேரேட்டில் குமாஸ்தா
அதை மூன்று விதமாய் எழுதினான்.

அவளும் கணவன் ஃபின்லேயும்
படகிலிருந்து தூக்கி வந்தது ஓர் உத்தரம்.
பதினோரடி. ஒரு முனை கரி.
எரிகிற கூரையிலிருந்து
அதை மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
கேப்டன் சிரித்தார்:
காட்டுக்குப் போகிறீர்கள் அம்மா,
கொல்லன் தெருவில் ஊசி விற்கவா?
என் தாய் பேசிய மொழிதான் அவர்களுடையது,
நான்தான் பெயர்த்துச் சொன்னேன்.
ஃபின்லே தலை குனிந்தான்.
எங்கள் தீவில் மரமே கிடையாது, என்றாள் அவள்.
அதுவே பதில்போல.

படுக்கைக்கு அடியில் கட்டிவைக்க
கயிற்றுக்குத் துளை போட்டேன்.
துருவியில் சுருண்டு வந்த தூளைப் பார்த்து
கை நின்றது.
சிவந்த உள்மரம். கடற்புழு குடைந்த பாதைகள்.
இத்தனை வருஷப் புகைக்கு அடியிலும்
அந்தப் பிசின் வாசனை.
இதே லார்ச்சை எத்தனை முறை
அந்தக் கரையில் ஏற்றியிருக்கிறேன்!
எந்த வெள்ளம் பிடுங்கியதோ,
எத்தனை காலம் கடலில் கிடந்ததோ,
அவள் மாமனார் நாளில்
யூயிஸ்ட் மணலில் ஒதுங்கியிருக்கிறது.
சொல்லவில்லை.
தச்சனுக்குக் கூலி கைக்குத்தான்.

பத்தொன்பதாம் நாள் பெரியம்மை.
ஃபின்லேயைப் பாய்த்துணியில் தைத்தோம்.
அவனுடைய பதினெட்டு அங்குலம் காலியானது.
கடைசி இரவுவரை
அவள் அதில் கை நீட்டவில்லை.

செப்டம்பரில் கரை.
காடு தண்ணீர்வரை வந்து நின்றது.
ஒரு கிளைகூட வெட்டியறியாத சனங்கள்
வாயடைத்துப் பார்த்தார்கள்.
பிர்ச் பட்டைக் கூடாரங்கள் இரண்டு, கொஞ்சம் புகை.
மீன் உலர்த்திக்கொண்டிருந்த மிக்மாக் பெண்ணொருத்தி
எழுந்து வந்து, உத்தரத்தின் கரியில்லா முனையை
நகத்தால் கீறி முகர்ந்தாள்.
தன் மொழியில் ஏதோ ஒரு சொல்.
காட்டை நோக்கி மோவாயைத் தூக்கினாள்.
மர்சாலி என்னைப் பார்த்தாள்.
அந்த மொழி தெரியாது, என்றேன்.
அது உண்மைதான்.

மூன்றாம் வருஷம் மறுபடி போனேன்,
வேறு தீவு, வேறு நூறு பேர்.
அவள் குடிசை நின்றிருந்தது.
நடுவே உத்தரம், கரி முனை கிழக்கே.
கோடாலி காய்த்த கையால் ரொட்டி தந்தாள்.
மழைக்கு வியர்க்கிறது இந்த மரம், என்றாள்,
அங்கே இருந்தபோது வியர்த்ததேயில்லை.
நான் ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன்.
கூடாரங்கள் நின்ற இடத்தில் ஓட்ஸ்,
முழங்கால் உயரம்.
அவர்கள்?
போய்விட்டார்கள்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவள் அடுப்பைக் கிளறப் போனாள்.

கப்பலுக்கு வந்து படுக்கைகளைப் பிரித்தேன்.
வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாய்
தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டேன்.
அடுத்த பயணத்துக்கு ஆகும்.
தலைக்கு மேல்
முதல் மரம் உருண்டு வரும் சத்தம்.