ஏழு கறுப்புப் புள்ளிகள்

பங்குனி பதினொன்றில் எடுத்த படம்.
பச்சைக்கு இதில் இடமில்லை.
உயிரோடிருக்கும் இலையெல்லாம் சிவப்பு.

களக்காட்டு மலைச்சரிவு கருஞ்சிவப்பு,
சுருண்ட ஆட்டுமயிர் போல நெருக்கம்.
வாழை வழவழவென்ற சிவப்பு, பாத்தி பிடித்து நேராக.
அறுத்த வயல் சாம்பல்நீலம்.
பெட்ரோல் பங்க்குக்காரர் பச்சை பெயின்ட் அடித்த தகரக்கூரை
எவ்வளவு முயன்றும் இலையாகவில்லை.
பனைக்கு நிறம் பார்த்துப் பயனில்லை;
காலை எட்டரை மணி வெயிலில்
மரத்தைவிட நீளமாய் விழுந்த நிழலை வைத்துத்தான்
ஒவ்வொன்றாய் எண்ண வேண்டும்.

பாளையங்கோட்டை ஆபீசில் ஃபேன் சுற்றினால் தாள் நகரும்,
நிறுத்தினால் வியர்வை சொட்டும்.
நிறுத்திவிட்டேன்.

மூன்றடைப்புக்குத் தெற்கே ஒரு குளம்.
கரை முழுசாய், மடை முழுசாய்,
உள்ளே விளிம்புவரை சிவப்பு.
சீமைக்கருவேலம். வகை ஒன்பது.
நடுவே ஏழு கறுப்புப் புள்ளிகள்.
படத்தில் கறுப்பென்றால் தண்ணீர்,
கையேடு அப்படித்தான் சொல்கிறது.
குளத்துக்குள் தண்ணீர் இருப்பதில் என்ன சந்தேகம்?
'தேங்கல் ஏழு' என்றெழுதிக் கோடிட்டேன்.

சரிபார்க்கப் போன அன்று
ஜீப் மடையோடு நின்றது.
டிரைவர் வெயிலுமுத்து
டயரைக் காரணம் காட்டி இறங்கவில்லை.
முள்ளை ஒதுக்கி, குனிந்து, சேலை கிழிந்து
முதல் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.
அது புகைந்துகொண்டிருந்தது.

ஆளுயர மூட்டம், மேலே ஈரமண் பூச்சு.
அடுத்தது நேற்றுப் பிரித்தது,
கரி அள்ளிய தரை இன்னும் சுட்டது.
சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பிரமாச்சி
படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வத்தல் காயப்போட்டாப்ல இருக்கு."
கறுப்பைத் தண்ணீர் என்று எழுதியதைச் சொன்னேன்.
தைப்பதை நிறுத்தவில்லை.
"இங்கன தண்ணி கெடந்தா
நாங்க எதுக்குக்கா இங்கன கெடக்கோம்?"

திரும்பி வந்து ஏழையும் அழித்தேன்.
கரிமூட்டத்துக்குக் கையேட்டில் எண் இல்லை,
பதினாலு என்று நானே சேர்த்தேன்.
அழித்த இடத்தில், மேல்தாளில்,
என் பெருவிரல் கரி பதிந்துவிட்டது.
ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர்.
ரேகை ரேகையாய் இருநூறு மீட்டருக்கு ஒரு கறுப்பு,
துடைக்கத் துடைக்கப் பரவியது.

அப்படியே சென்னைக்கு அனுப்பினேன்.
அங்கே யாராவது பார்த்துவிட்டு
குளம் நிறைந்தது என்று எழுதக்கூடும்.